மாமாவின் மின்சாரக் கார்: முன்பணம் கட்டிய சர்வீஸ் திட்டத்தின் நான்காண்டுக் கணக்கு

2021 ஆகஸ்டில் பொள்ளாச்சியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு மின்சாரக் கார் எடுத்தார். டெலிவரிக்கு முதல் நாள் ஷோரூமிலிருந்து வந்த கடைசி விலைப்பட்டியலில், இன்சூரன்ஸுக்கும் ஃபாஸ்டேகுக்கும் நடுவே புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: பராமரிப்புத் திட்டம், 4 வருடம் அல்லது 60,000 கி.மீ., ரூ.24,800. என்னவென்று கேட்டதற்கு, "எல்லாரும் எடுக்கறதுதாங்க சார், நாலு வருஷத்துக்குக் கையில இருந்து ஒரு பைசா போகாது" என்று பதில் வந்தது. ஓய்வூதியப் பணத்தில் பதினைந்து லட்சத்துக்கு மேல் எண்ணி வைக்கிற நாளில் இருபத்துநாலாயிரம் சில்லறையாகத்தான் தெரியும். மாமா கட்டிவிட்டார்.

நான் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் செலவுக் கணக்குப் பார்க்கிறவன். 2025 ஜூலையில் திட்டம் முடியப்போகிற நேரத்தில் "இன்னொரு ரெண்டு வருஷத்துக்குப் போட்டுக்கச் சொல்றாங்க, போடலாமா மாப்ள?" என்று மாமா கேட்டார். பழைய ஜாப் கார்டு (ஒவ்வொரு சர்வீஸிலும் செய்த வேலையும் விலையும் அச்சடித்துத் தரும் சீட்டு) எல்லாவற்றையும் கேட்டேன். அவர் எதையும் தூக்கி எறியாதவர். ஒரு ஃபைல் நிறைய இருந்தது. அந்த சர்வீஸ் சென்டரில் ஒரு நல்ல வழக்கம்: திட்டத்துக்குள் வரும் வேலைக்கும் பொருளுக்கும் முழு விலையை அச்சடித்து, கடைசி வரியில் மட்டும் 'செலுத்த வேண்டியது 0' என்று போடுவார்கள். திட்டம் இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நான் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அந்தத் தாள்களிலேயே இருந்தது.

எதைச் சர்வீஸ் செய்கிறார்கள்?

பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு சர்வீஸ் என்றாலே எஞ்சின் ஆயில்தான் ஞாபகம் வரும். ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஃபியூயல் ஃபில்டர், கிளட்ச், டைமிங் பெல்ட் என்று பில் நீளும். மின்சாரக் காரில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. மிஞ்சுவது கேபின் ஏ.சி. ஃபில்டர், பிரேக் ஆயில், பேட்டரியையும் மோட்டாரையும் குளிர்விக்கும் கூலன்ட், மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குத் தரும் ரிடக்‌ஷன் கியரில் கொஞ்சம் ஆயில், பிறகு கம்ப்யூட்டரைச் செருகி ஒரு சோதனை. டயர், சஸ்பென்ஷன், வைப்பர் எல்லாம் எந்த வண்டிக்கும் உள்ளவை.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 2021-இல் வெளியிட்ட கணக்கில், திட்டமிட்ட பராமரிப்புக்குப் பெட்ரோல் காருக்கு மைலுக்கு 10.1 சென்ட், மின்சாரக் காருக்கு 6.1 சென்ட். டெஸ்லா 2019-இல் தான் விற்றுவந்த வருடாந்திரப் பராமரிப்புத் திட்டங்களையே நிறுத்திவிட்டது. எங்கள் வண்டிக்கு வருடாவருடம் சர்வீஸ் தேவையில்லை, தேவைப்படும்போது பார்த்தால் போதும் என்று சொன்னது. அந்த ஊர்ச் சாலையும் தூசியும் வேறு, நம் ஊருடையவை வேறு. அந்த எண்களை அப்படியே பொள்ளாச்சிக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் ஒன்று யோசிக்க வைக்கிறது. செய்ய வேண்டிய வேலை இவ்வளவு குறைந்த பிறகும், பெட்ரோல் காருக்கு விற்ற அதே அச்சில் அதே மாதிரியான திட்டத்தை விற்கிறார்கள்.

மாமாவின் திட்டத்தில் இருந்தவை: வருடாந்திர சர்வீஸ் கூலி, ஒவ்வொரு சர்வீஸிலும் கேபின் ஃபில்டர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில், சக்கரங்களுக்கு அலைன்மென்டும் பேலன்சிங்கும், வாட்டர் வாஷ். கூலன்ட் 'குறைந்தால் ஊற்றப்படும்' என்று மட்டும் இருந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. "மின்சார வண்டிக்கு எதுக்குங்க சர்வீஸ்" என்று கேட்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் ரகத்துக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு வகுத்திருக்கும் குறைந்த அளவு 155 டிகிரிதான். மாமா மாதம் ஒருமுறையாவது வால்பாறை போய்வருபவர். நாற்பது கொண்டை ஊசி வளைவு இறக்கத்தில் ரீஜென்தான் பெரும்பாலும் வண்டியைப் பிடித்து இறக்கும். மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைத் தின்று பேட்டரியில் போடும். ஆனால் மேலே பேட்டரியை நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் போட இடமிருக்காது, ரீஜென் வேலை செய்யாது, மொத்த பாரமும் பிரேக்கில் விழும். (வால்பாறையில் சார்ஜ் போடுபவர்கள் எண்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.) அந்த நேரத்தில் பழைய பிரேக் ஆயில் ஆபத்து. ஆகவே திட்டத்தில் இருந்த இந்த ஒரு பொருளில் நான் குறை சொல்ல மாட்டேன். அதன் விலைதான் என் கேள்வி.

பேப்பரில் இருந்த கணக்கு

நான்கு வருடத்தில் வண்டி ஓடியது 34,000 கிலோமீட்டர். அறுபதாயிரத்தில் 26,000 ஓடாமலே காலாவதியாயிற்று. எது முதலில் வருகிறதோ அதுதான் முடிவு என்ற வரியின் அர்த்தம் இதுதான். மாமா மாதிரி ஓட்டுபவருக்குக் கிலோமீட்டர் வரம்பு வெறும் அலங்காரம்.

முதல் கண்டுபிடிப்பு எனக்கே கொஞ்சம் எரிச்சலூட்டியது. கம்பெனி எப்படியும் முதல் மூன்று சர்வீஸுக்குக் கூலி வாங்குவதில்லை: ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம். அதாவது திட்டம் 'நான்கு வருடம்' என்றாலும், முதல் வருடக் கூலியை மாமா எந்தத் திட்டமும் இல்லாமலே இலவசமாகப் பெற்றிருப்பார். ஏற்கெனவே சும்மா கிடைப்பதைக் காசுக்குள் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள்.

வரிகளோடு சேர்த்து, ஜாப் கார்டில் அச்சான முழு விலை இப்படி. 2022-இல் ஃபில்டர் 740, அலைன்மென்ட், பேலன்சிங் 1,300, ஆக 2,040 ரூபாய். 2023-இல் கூலி 2,100, ஃபில்டர் 780, பிரேக் ஆயில் 620, அதை மாற்றிக் காற்றெடுக்கும் கூலி 900, அலைன்மென்ட் 1,400, மொத்தம் 5,800. 2024-இல் பிரேக் ஆயில் முறை இல்லை, அதனால் 4,520. 2025 ஜூலையில் மறுபடியும் பிரேக் ஆயில் வந்தது, 6,420. நான்கையும் கூட்டினால் 18,780.

கட்டியது 24,800. நேரடி நஷ்டம் 6,020.

ஆனால் பணம் முழுக்க முதல் நாளே போய்விட்டது. அதே 24,800-ஐ ஐந்தரை சதவீத எஃப்.டி.யில் போட்டு, வருடாவருடம் வந்த பில்லை அதிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். கடைசி சர்வீஸுக்கும் கட்டிய பிறகு 10,684 ரூபாய் கையில் மிஞ்சியிருக்கும். இத்தனைக்கும் நான் எடுத்தது ஜாப் கார்டு விலை. அலைன்மென்டும் பேலன்சிங்கும் உடுமலை ரோட்டு டயர்க் கடையில் பாதி விலைக்குச் செய்வார்கள்; கேபின் ஃபில்டரை குளோவ் பாக்ஸைக் கழற்றி நானே மாற்றிவிடுவேன், பத்து நிமிட வேலை. அவற்றையும் கணக்கில் எடுத்தால் இடைவெளி இன்னும் அகலும்.

ஃபைலின் பின்பாதி

'ஒரு பைசா போகாது' என்றார்களே, அது உண்மையா என்று பார்க்க ஃபைலின் பின்பாதியைப் புரட்டினேன். திட்டத்துக்கு வெளியே மாமா கட்டிய பில்கள் அங்கேதான் இருந்தன.

31,000 கிலோமீட்டரில் நான்கு டயர், 35,600 ரூபாய். பேட்டரியின் எடையும், ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் பாயும் இழுவிசையும் சேர்ந்து மின்சாரக் காரின் டயரைச் சீக்கிரம் தின்றுவிடும். 2024 மழைக்காலத்தில் ஒரு காலை வண்டி உயிரே இல்லாமல் நின்றது. பெரிய பேட்டரியில் எழுபது சதவீதம் சார்ஜ் இருந்தும் கதவுகூடத் திறக்கவில்லை. காரணம், சாதாரண 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டது. பெரிய பேட்டரியின் இணைப்பைப் போட்டுவிடும் சுவிட்சுக்கே அந்தச் சின்னப் பேட்டரியின் மின்சாரம்தான் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் மாமாவுக்குத் தெரிந்தது. புதியதற்கு 6,900. வைப்பர் இரண்டு முறை, 1,900. சஸ்பென்ஷனில் ஒரு லிங்க் ராடு, 3,400. டிஸ்க்கில் துருவேறிக் கரகரவென்று சத்தம் வந்ததால் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததற்கு 2,600.

கடைசியாகச் சொன்னது வேடிக்கை. பிரேக் தேய்வதில்லை என்பது மின்சாரக் காரின் பெருமை. 34,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும் மாமா வண்டியின் முன்பக்கப் பேடில் பாதிக்கு மேல் கனம் மிச்சமிருந்தது. ஆனால் உபயோகமில்லாத பிரேக் மழைக்குத் துருப்பிடிக்கும், பின்கள் இறுகும். தேய்ந்துபோவதை விட, சும்மா இருந்து கெட்டுப்போவதுதான் இங்கே செலவு. அதே ஷோரூமில் இதைவிடப் பெரிய 'கோல்டு' திட்டம் ஒன்று 41,000-க்கு இருந்ததாம். அதில் கூடுதலாக இருந்தவை பிரேக் பேடும் வைப்பரும். தேயாத பேடுக்கு முன்பணம் வாங்கும் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். துருவைச் சுத்தம் செய்வது அதிலும் இல்லை.

ஆக வெளிச்செலவு 50,400. திட்டம் தாங்கியது 18,780. வண்டியைப் பராமரிக்க ஆன மொத்தத்தில் 27 சதவீதம்தான் அந்த 'முழுப் பராமரிப்பு'க்குள் வந்தது.

தேங்காய் நார்த்தூசி

பணத்தை விட்டுத்தள்ளலாம். என்னை உண்மையில் உறுத்தியது 2024 சர்வீஸில் நடந்தது.

பொள்ளாச்சி தென்னையூர், சுற்றிலும் நார் மில்கள். மாமா வீட்டு மாடியில் துணி காயப்போட்டாலே பழுப்புத் தூசி படியும். கேபின் ஃபில்டர் மற்ற ஊரைவிட இங்கே சீக்கிரம் அடைக்கும். அந்த வருடம் சர்வீஸ் முடிந்து இரண்டு வாரத்தில், ஏ.சி. காற்று குறைகிறது என்று அக்கா சொன்னாள். நான் போயிருந்த சமயம். குளோவ் பாக்ஸைக் கழற்றினேன். உள்ளே பழுப்பு மெத்தை மாதிரி நார்த்தூசி அடைந்த பழைய ஃபில்டர். ஜாப் கார்டிலோ 'ஃபில்டர் மாற்றப்பட்டது, ரூ.820, செலுத்த வேண்டியது 0'.

சர்வீஸ் சென்டரில் கேட்டதும் உடனே மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தார்கள். பையன் மறந்துவிட்டான் என்றார்கள், இருக்கலாம். ஆனால் நான் மாமாவிடம் கேட்டேன்: "ஏனுங் மாமா, 820 ரூவா கையில இருந்து எண்ணிக் குடுத்திருந்தா, பழைய ஃபில்டரக் காட்டச் சொல்லிக் கேட்டிருப்பீங்களா இல்லீங்களா?"

"பில்லே சைபர்னு இருக்கறப்போ என்னத்தெ கேக்கறது மாப்ள."

முன்பணத் திட்டத்தில் யாரும் விலை போடாத பகுதி இது. ஒவ்வொரு முறையும் காசு கொடுக்கும்போது, ஒரு பொருளை மாற்றினால்தான் சென்டருக்கு வருமானம். தேவையில்லாததையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள், நாம் விழித்திருந்து வேண்டாம் என்போம். முன்பே வாங்கிக்கொண்டால் நிலைமை தலைகீழ்: மாற்றாமல் விட்ட ஒவ்வொரு பொருளும் அவர்களுக்கு மிச்சம். நாமோ பில்லைப் படிப்பதையே நிறுத்தியிருப்போம். திட்டம் வைத்திருப்பவர்கள்தான் பழைய உதிரியைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை.

பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து

அதிகம் ஓட்டுபவருக்காவது இது கட்டுப்படியாகுமா என்று பார்க்க, எங்கள் தெருவில் மின்சார டாக்சி ஓட்டும் தம்பியிடம் அவருடைய பேப்பர்களைக் கேட்டு வாங்கினேன். சொந்தக் கார் என்றால் பச்சை நம்பர் பலகையில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு அதே பச்சையில் மஞ்சள் எழுத்து, அவருடையது மஞ்சள். மாமாவின் திட்டத்தில் வாடகை வண்டிக்கு இடமில்லை என்று தெளிவாகப் போட்டிருந்தது. தம்பி எடுத்தது வேறு திட்டம்: 2 வருடம் அல்லது 60,000 கி.மீ., 27,000 ரூபாய்.

அவர் மாதம் 3,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். பதினேழே மாதத்தில் அறுபதாயிரம் முடிந்தது. அதற்குள் செய்த சர்வீஸ்களை முழு விலைக்குப் போட்டால் ஏறக்குறைய 26,500 வருகிறது. கிட்டத்தட்ட சமம்; ஒரு கிலோமீட்டரைக்கூட வீணாக்காதவருக்கே லாபம் இல்லை, நஷ்டமும் பெரிதாக இல்லை. இதோடு நிறுத்தியிருந்தால் 'ஓட்டம் அதிகமென்றால் எடுக்கலாம்' என்று எழுதியிருப்பேன்.

ஆனால் அவருடைய 27,000 ஆன்-ரோடு விலைக்குள் சேர்ந்து வண்டிக் கடனில் ஏறியிருந்தது. 10.5 சதவீதம், ஐந்து வருடம். அந்தத் திட்டத்துக்கு மட்டும் மாதம் 580 ரூபாய் தவணை, முடிவில் 34,800-க்கு மேல். திட்டம் முடிந்த நாளில் இன்னும் 43 தவணை, 25,000 ரூபாய்க்குப் பக்கம் பாக்கி. தீர்ந்துபோன சர்வீஸுக்கு மூன்றரை வருடம் தவணை கட்டுவார். "இது தனியா ஒரு வரியா இருந்துச்சுங்களாண்ணா? நான் மொத்தத்தத்தான் பாத்தேன்" என்றார். பாவமாக இருந்தது. விலைப்பட்டியலில் இந்த வரியைக் கண்டால், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கடனுக்குள் மட்டும் விடாதீர்கள்.

வாரண்டி பூச்சாண்டி

மாமா திட்டத்தை எடுத்ததற்கு உண்மையான காரணம் மிச்சம் பிடிப்பது இல்லை. "பிளான் இல்லேன்னா பேட்டரி வாரண்டிக்குச் சிக்கலாகும்" என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். எட்டு வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்று பேட்டரிக்கு வாரண்டி. பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவு; அந்தப் பயத்துக்கு 24,800 அதிகமில்லைதான்.

வாரண்டிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். குறித்த காலத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும், அதற்குப் பதிவு இருக்க வேண்டும் என்றிருந்தது. முன்பணத் திட்டம் என்ற சொல்லே எங்கும் இல்லை. ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துச் செய்துகொண்டாலும் அதே பதிவுதான் கம்ப்யூட்டரில் ஏறும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாகச் சொல்லக்கூடாது என்றும் கூறியது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. என் சொந்த யோசனை, பேட்டரி வாரண்டி இருக்கும் வரை அங்கீகரிக்கப்பட்ட சென்டருக்கே போகலாம். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த ஒயர்களைத் தொடப் பயிற்சி பெற்ற ஆள் வெளியே எளிதில் கிடைக்கமாட்டார். அங்கே போவதும் அங்கே முன்பணம் கட்டுவதும் ஒன்று என்று நம்பவைப்பதுதான் தந்திரம். யாராவது எழுத்தில் அப்படிச் சொன்னால் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்.

விலை ஏறும், இப்போதே பூட்டிவைத்துவிடலாம் என்றும் சொல்வார்கள். கூலி ஏறத்தான் செய்தது. 2,100 இரண்டு வருடத்தில் 2,400 ஆனது. அந்த ஏற்றம் என் 18,780-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. உதிரிபாகமோ, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது.

எனக்குப் பதில் சொல்ல முடியாத ஒரே வாதத்தை வைத்தது அக்காதான். "உங்க மாமா ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில்லப் பாத்துட்டு வந்து ரெண்டு நாளைக்குப் பொலம்புவாரு. இந்த நாலு வருஷம் அது இல்ல. அதுக்கு என்ன வெல போடுவே நீ?" 10,684 ரூபாய்க்கு நான்கு வருட வீட்டு அமைதி என்று பார்த்தால் மோசமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரும் இப்படித்தான்; நேரமில்லை, மறந்துவிடுவார், திட்டம் இருப்பதால் சென்டரே ஞாபகப்படுத்தி வண்டியை எடுத்துப்போய்விடுகிறது. சர்வீஸையே தவறவிடக்கூடியவருக்கு இந்தப் பணம் நியாயமான கூலி. ஷோரூம்காரர் தள்ளுபடிக்குப் பதில் திட்டத்தைச் சும்மா தந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முதலில் அதே தொகையை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

புதுப்பிக்கும் போன்

புதுப்பிப்புக்கு அவர்கள் கேட்டது இரண்டு வருடத்துக்கு 17,500. இப்போது கூலன்ட் வருகிறது.

மாமா வண்டியின் கையேட்டில், கூலன்ட்டை முழுக்க மாற்ற வேண்டியது ஐந்தாம் வருடம். நான்கு வருடத் திட்டத்தில் அது வராது, ஒரு வருடம் தள்ளி வெளியே நிற்கிறது. இந்த வண்டிக்கு ஒழுங்காகச் செய்ய வேண்டிய பெரிய சர்வீஸ் செலவு அதுதான். தற்செயலா, திட்டமிட்டதா என்று தெரியாது. எந்தத் திட்டத்தையும் பார்க்கும்போது கையேட்டின் சர்வீஸ் அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, விலை கூடின வேலை எந்த வருடத்தில் விழுகிறது என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மாமாவை ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொன்னேன். "அஞ்சாம் வருஷம் கூலன்ட் மாத்தறது இந்தப் பதினேழாயிரத்தைந்நூறுக்குள்ள வருதுங்களா?" சர்வீஸ் அட்வைசர் நல்ல பையன், பொய் சொல்லவில்லை, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றவர் அரைமணியில் கூப்பிட்டார். "டாப்-அப் மட்டும்தாங்க சார். முழுசா மாத்தறதுக்கு இன்னைக்கு வெலையில 7,800 வரும்."

"அத மட்டும் பேப்பர்ல எழுதி சீல் வச்சுக் குடுத்துருங்க தம்பி" என்றார் மாமா.

புதுப்பிக்கவில்லை. ஆகஸ்டிலிருந்து அக்கா தபால் ஆபீஸில் மாதம் ஐந்நூறுக்கு ஒரு ஆர்.டி. போடுகிறாள். அந்த 7,800 ரூபாய்ப் பேப்பர் ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சென்ற மாதம் வண்டியை எடுத்தபோது பார்த்தேன்; அதன் பின்பக்கத்தில் மாமா பேனாவால் எழுதியிருந்தார்: 'பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கவும்.'